குழாயில் வருவது என்ன தண்ணீர்?

பெங்களூரின் கிழக்குப் புறநகர்களான கே.ஆர்.புரம், மகாதேவபுரா, வைட்ஃபீல்ட் பக்கம் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே நான்கு குறைகளைச் சொல்வார்கள். சோப்பு நுரைப்பதில்லை. பருப்பு வேகவில்லை. புது வாளியிலும் குழாயிலும் வெள்ளை பூத்துவிடுகிறது. தலைமுடி கொட்டுகிறது. முதல் மூன்றுக்கும் தண்ணீரின் கடினத்தன்மையே காரணம். நான்காவது அவ்வளவு நிச்சயமில்லை. கடின நீரால் முடி முரடாகும். ஆனால் வேரோடு கொட்டினால் வைத்தியரைப் பார்ப்பதே நல்லது.

மழை நீர் மென்மையானது. அது மண்ணிலும் பாறையிலும் ஊறி இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்டன. அவ்வளவு ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு கிடந்த நீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. காவிரி நீர் அதைவிட மிகவும் மென்மையானது. 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் பல குடியிருப்புகளில் காவிரி நீர், கிணற்று நீர், லாரி நீர் மூன்றும் ஒரே தரைத்தொட்டியில்தான் விழுகின்றன. ஆகவே நேற்று வந்த தண்ணீர் வேறு, இன்று வருவது வேறு.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. கடின நீர் விஷமல்ல. உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணம் காட்டிக் கடினத்தன்மைக்கு எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதாம்.

எஞ்சினுக்குக் கொடுத்த மரியாதை

நான் ரயில்வேயில் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடின நீர் பாய்லருக்குப் பெரிய எதிரி. குழாய்களின்மேல் படியும் காரை வெப்பத்தைத் தடுக்கும். நிலக்கரி அதிகம் செலவாகும். குழாய் சூடேறிப் பழுதாகும். ஆகவே எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் இடங்களின் நீரைச் சோதிப்பார்கள், தேவையான இடத்தில் சோடா சாம்பல் சேர்ப்பார்கள், குறித்த நாளில் பாய்லரைக் கழுவுவார்கள். இரும்புக்கு ஊற்றுமுன் சோதித்த நாம், குழந்தைக்குக் கொடுக்குமுன் சோதிப்பதில்லை. விற்பனையாளர் பேனா போன்ற ஒரு கருவியைத் தம்ளரில் நனைத்து ஓர் எண்ணைக் காட்டினால் பயந்துபோய்ப் பணத்தை எடுத்து நீட்டுகிறோம்.

அந்தப் பேனா காட்டுவது டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள உப்புக்களின் மொத்த அளவு. அதுவும் மின்கடத்தலை வைத்துப் போடும் கணக்கு. அதில் எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு சமையல் உப்பு என்று அது சொல்லாது. கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக நீர் மென்மையாக்கும் சாதனம் வாங்கப் பேச்சு நடந்தது. வாங்குமுன் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம் என்று சிலர் வற்புறுத்தினோம். இரண்டு கிணறுகளும் கடின நீர்தான்: ஒன்று 380, மற்றது 460. அது எதிர்பார்த்ததே. ஆனால் இரண்டாவது கிணற்றில் நைட்ரேட் 70 இருந்தது. அனுமதி 45 மட்டுமே. கழிவுநீர் கசியும் இடங்களில் நைட்ரேட் ஏறுவது வழக்கம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். சாதனத்தை மட்டும் வாங்கியிருந்தால் சோப்பு நன்றாக நுரைத்திருக்கும், நைட்ரேட் அப்படியே இருந்திருக்கும். அந்தக் கிணற்றைச் சமையல் குழாயிலிருந்து பிரித்துக் கழிப்பறைக்கும் வண்டி கழுவவும் ஒதுக்கினோம்.

எதற்கு எது?

மென்மையாக்கும் சாதனம் குளியலுக்கும் துணி துவைக்கவும் கீசருக்கும் ஏற்றது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. அதனால் டி.டி.எஸ். குறையாது; ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். கடினத்தன்மை 400 உள்ள நீரை மென்மையாக்கினால் லிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைக் குடிக்காமலிருப்பது நலம். சமையலறைக் குழாயைச் சாதனத்துக்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.

ஆர்.ஓ. இயந்திரம் உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு அதிகமுள்ள நீருக்கு வேண்டியதுதான். ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் வீட்டு இயந்திரங்கள் சாதாரணம். லாரிக்குப் பணம் கொடுத்து வாங்கிய நீர் அது! அதைப் பிடித்துவைத்து வீடு துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். செடிக்கு மட்டும் வேண்டாம். டி.டி.எஸ். 500-க்குக் குறைந்த நீருக்கு ஆர்.ஓ.வைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டதும் இதனால்தான். காவிரி நீர் தனியாக வரும் வீட்டில் வடிகட்டிக் காய்ச்சினாலே போதும்.

காய்ச்சிய பானையில் மிதக்கும் வெள்ளை ஆடை சுண்ணாம்புதான். ஆறவிட்டுத் தெளிந்ததை இறுத்துக் குடிக்கலாம். பானையில் படிந்த காரையை எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி ஊறவைத்தால் எடுத்துவிடலாம். கீசரைக் கொதிக்கக் கொதிக்க வைக்காமல் மிதமாக வைத்தால் காரை குறையும், மின்சாரமும் மிஞ்சும்.

சங்கத்து அன்பர்களுக்கு

ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்பும், ஒவ்வொரு குடியிருப்பும் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு, கோலிஃபார்ம் கிருமி ஆகிய ஐந்தையும் தவறாமல் கேளுங்கள். பக்கத்துக் கோலார் மாவட்டத்தின் ஃபுளோரைடுப் பிரச்சினை நாடறிந்தது. லாரி நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் காவிரி நீருக்குத் தனித் தொட்டி, சமையலறைக்குத் தனிக் குழாய் அமைத்துக்கொள்ளுங்கள்.

மழையையும் மறக்க வேண்டாம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் மென்னீர் இலவசமாக விழுகிறது. பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு 2009-இலேயே சட்டமாகிவிட்டது. சட்டத்துக்காக ஒரு குழாயை மாட்டி வைக்காமல், முதல் மழையை வெளியே விட்டு, அடுத்து வருவதை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் துணி துவைக்க அதைவிட நல்ல நீர் கிடையாது.

பரிசோதனைக்கு ஆகும் செலவு, சாதனங்களின் விலையோடு பார்த்தால் மிகச் சொற்பம். வீட்டுக்கு வீடு பங்கிட்டால் இன்னும் குறையும். முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். பிறகு பணப்பையைத் திறவுங்கள்.