சுமை வண்டியின் சக்கரம்: அழகு பார்ப்பதா, எடை பார்ப்பதா?

நம் கடைகளில் தராசுக்கு அடுத்தபடியாக அதிகம் உழைப்பது எது என்று கேட்டால், வாசலில் நிற்கும் இரு சக்கர வண்டி என்றுதான் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் மண்டிக்குப் போகிறது. மூட்டைகளோடு திரும்புகிறது. பகல் முழுவதும் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் சரக்கு கொண்டு போகிறது. ஆயில் மாற்றுகிறோம், செயினை இறுக்குகிறோம், பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே மெக்கானிக்கிடம் விடுகிறோம். சக்கரத்தை மட்டும் பஞ்சர் ஆனால்தான் குனிந்து பார்க்கிறோம்.

இப்போது சக்கரத்தைப் பற்றிய பேச்சு கடைவீதியில் அதிகமாகிவிட்டது. அலாய் வீல் போடலாமா, டியூப்லெஸ் டயருக்கு மாறலாமா, டயரை அகலமாகப் போட்டால் அதிகச் சரக்கு ஏற்றலாமா என்று வணிக அன்பர்கள் கேட்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர் தம்மிடம் இருப்பு உள்ளதைச் சொல்வார். அது அவர் வியாபாரம். நாம் வாங்குபவர்களாக இருந்து யோசிக்க வேண்டியவை வேறு.

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து மொபெட்தான் சிறு வியாபாரியின் வண்டி. விலை குறைவு, பழுதும் சுலபம், காலடியில் ஒரு மூட்டை வைக்க இடமும் இருக்கிறது. அந்தக் காலடி இடத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்கு வருமுன் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

டயரே சொல்லும் எடை

நம் மொபெட்டுகள் பலவற்றின் டயரில் 2.50-16, அதை அடுத்து 41 எல், 6 பி.ஆர். என்று இருக்கும். 2.50 என்பது டயரின் அகலம், 16 என்பது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. பைக் டயர்களில் 80/100-18 என்று இருந்தால் அகலம் 80 மில்லிமீட்டர், டயரின் உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், ரிம் 18 அங்குலம்.

இதுவரை கடைக்காரரும் பார்ப்பார். அடுத்து வரும் எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. வியாபாரிக்கு முக்கியமானது அதுதான். 41 என்பது 41 கிலோ இல்லை, அது ஒரு குறியீட்டு எண். 36 என்றால் அந்த டயர் 125 கிலோ தாங்கும். 41 என்றால் 145, 42 என்றால் 150, 47 என்றால் 175, 48 என்றால் 180, 54 என்றால் 212 கிலோ. கூட நிற்கும் எழுத்து வேகத்துக்கானது. எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், பி என்றால் 150. மூட்டை ஏற்றிக்கொண்டு அந்த வேகத்தில் நம்மில் யாரும் போகப் போவதில்லை. ஆகவே எழுத்தை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்வோம்.

6 பி.ஆர். என்பது டயர் உடலின் வலுவைக் குறிப்பது. உள்ளே ஆறு அடுக்கு நூல் இருக்கிறது என்று பொருள் இல்லை. ஒரே அளவில் 4 பி.ஆர். டயரும் கிடைக்கும், 6 பி.ஆர். டயரும் கிடைக்கும். விலை கொஞ்சம் குறைகிறதே என்று 6 இருந்த இடத்தில் 4 போட்டால், தாங்கும் எடையும் கூடவே குறைந்துவிடும். அளவு ஒன்றாக இருப்பதால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

பின் சக்கரத்தின் மேல் எவ்வளவு?

டயர் தாங்கும் எடை என்று சொன்னதில் சரக்கு மட்டும் அடங்காது. வண்டியின் எடை, ஓட்டுபவரின் எடை, சரக்கின் எடை மூன்றிலும் அந்தச் சக்கரத்தின் பங்குக்கு வருவது சேர்ந்தே அந்தக் கணக்கு.

ஒரு மொபெட் 90 கிலோ, அதில் 50 பின் சக்கரத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 70 கிலோ, அதில் 45 பின்னால் போகிறது. சரக்கு ஏறும் முன்பே பின் டயரில் 95 கிலோ ஆகிவிட்டது. 41 என்று குறித்த டயர் தாங்குவது 145. மீதி இருப்பது 50 கிலோதான்.

இப்போது நாம் வழக்கமாக ஏற்றுவதைப் பார்ப்போம். 2022-க்குப் பிறகு அரிசி மூட்டை 25 கிலோவிலிருந்து 26 கிலோ ஆன கதையை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதில் இரண்டு, ஒரு 50 கிலோ சர்க்கரை மூட்டை, ஒரு எண்ணெய் டின் 16 கிலோ. எல்லாவற்றையும் பின் கேரியரில் அடுக்கிக் கயிறு போட்டால் 118 கிலோ. பின் டயரில் மொத்தம் 213 கிலோ. தாங்கும் எடையைவிட 68 கிலோ அதிகம். அதே நேரத்தில் முன் சக்கரம் அரைச் சுமைகூட இல்லாமல் ஓடுகிறது. வேகத்தடை ஏறும்போது ஹேண்டில் லேசாகித் தூக்குகிறதே, காரணம் அதுதான்.

ஒரு அரிசி மூட்டையைக் காலடியிலும் ஒன்றைக் கேரியரிலும் வைத்தால்? காலடியில் வைப்பது ஏறக்குறைய பாதிப் பாதியாக இரண்டு சக்கரங்களுக்கும் பிரியும். பின் சக்கரத்தில் 95, கேரியர் மூட்டை 26, காலடி மூட்டையில் பாதி 13, ஆக 134 கிலோ. எண்ணெய் டின்னையும் காலடியில் வைத்தால் 142. அத்தோடு சரி. சர்க்கரை மூட்டைக்கு இன்னொரு நடை போக வேண்டும், அல்லது குட்டியானையில் பத்துக் கடைச் சரக்கோடு சேர்த்து விட வேண்டும்.

இன்னொரு நடை என்றால் பெட்ரோல் செலவு, நேரச் செலவு என்று தோன்றும். உண்மைதான். ஆனால் நம்மில் பலர் அந்த வண்டியைத் தாமே ஓட்டுவதில்லை. கடைப் பையன் ஓட்டுகிறான். பின் டயர் வெடித்தாலும் ஸ்போக்ஸ் கம்பிகள் வரிசையாக அறுந்தாலும், கீழே விழுபவன் மூட்டைகளுக்கு அடியில் விழுகிறான். பின்னால் வரும் லாரி நிற்குமா என்பது நம் கையில் இல்லை. அவன் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

மேலே போட்டது ஒரு உத்தேசக் கணக்கு. உங்கள் வண்டிக்குச் சரியான எண்ணிக்கை வேண்டுமானால் உங்கள் கடையிலேயே வழி இருக்கிறது. மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசின் மேல் பின் சக்கரத்தை ஏற்றுங்கள். முன் சக்கரத்துக்கு அடியில் தராசின் உயரத்துக்கே ஒரு பலகை வையுங்கள். வழக்கமான சரக்கைக் கட்டி, வழக்கமாக ஓட்டுபவரை உட்கார வைத்து, வண்டி சாயாமல் இரண்டு பேர் பக்கவாட்டில் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தராசு காட்டுவதுதான் பின் டயர் சுமப்பது. அதே போல் முன் சக்கரத்தையும் நிறுக்கலாம். தராசின் உச்ச எடையை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. 100 கிலோ தராசில் ஏற்றிவிட்டு எங்களைக் கோபிக்க வேண்டாம்.

கம்பியா, அலாயா?

ஸ்போக்ஸ் சக்கரத்தில் கம்பிகள் இழுவிசையில் நிற்கின்றன. பெரும்பாலும் 36 கம்பிகள். எல்லாம் ஒரே இறுக்கத்தில் இருக்கும்வரை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். குழியில் விழுந்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்பும். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பங்கு பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். ஒன்று அறுந்தபின் அடுத்தடுத்து அறுவது இதனால்தான். அறுவது அநேகமாகப் பின் சக்கரத்தில், ஹப்பில் மாட்டும் வளைவில்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும். தளர்ந்தது ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் இதற்கு ஆள் உண்டு, செலவும் அதிகமில்லை. புதுக் கம்பிகள் கோத்த சக்கரம் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொஞ்சம் தளரும். மறுபடி ஒருமுறை இறுக்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாததால்தான் ‘புதுக் கம்பி போட்டும் நிற்கவில்லை’ என்ற புகார் வருகிறது.

மளிகைக்காரர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு தொல்லை உப்பு மூட்டை. ஈரம் கசிந்து கம்பியிலும் நிப்பிளிலும் இறங்கினால் துரு பிடிக்கும். நிப்பிள் துருவேறி இறுகிவிட்டால் பிறகு கோட்டம் எடுக்க முடியாது, திருகினால் கம்பி முறியும். உப்பு ஏற்றிய அன்று மாலை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைக் கழுவிவிட்டால் போதும்.

அலாய் சக்கரத்தில் கம்பி இல்லை, கோட்டம் எடுக்கும் வேலையும் இல்லை. டியூப்லெஸ் டயர் போடலாம். ஆணி ஏறினாலும் காற்று பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமலேயே சில நிமிடங்களில் பஞ்சர் போட்டுவிடலாம். நேரத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் அது அலுமினியக் கலவையில் வார்த்தது. அதிகச் சுமையோடு ஆழமான குழியில் இடித்தால் விரிசல் விடும். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டவே கூடாது. சூடு காட்டித் தட்டி நிமிர்த்துவதும் அதன் வலுவைக் கெடுக்கும். புதிதாக வாங்குவது ஒன்றே வழி.

எங்கள் அபிப்பிராயம் இது. நகரத்துத் தார்ச்சாலையில் 20, 30 கிலோ சரக்கோடு வீடு வீடாகப் போகும் வண்டிக்கு அலாயும் டியூப்லெஸ்ஸும் நல்லது. மண்டியிலிருந்து மூட்டை ஏற்றிக் கிராமத்துச் சாலையில் போகும் வண்டிக்குக் கம்பிச் சக்கரமே பொருத்தம். தயாரிப்பாளரே அலாய் பொருத்திக் கொடுக்கும் வண்டியானால், அது தாங்கும் எடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்கலாம். பெயர் தெரியாத அலாயை வெளியில் வாங்கி மாட்டுவதை மட்டும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சாதாரணக் கம்பி ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. நிப்பிள் துளைகள் வழியாகக் காற்று போய்விடும். உள்ளே டியூப் போட்டு ஓட்டினால், டியூப்லெஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண்.

வீட்டுப் பிள்ளைகள் கேட்பது

கல்லாவில் உட்காரும் நம் பிள்ளைகள் இப்போது ‘சூப்பர்மோட்டோ’ என்கிறார்கள். மண் பாதையில் ஓடும் உயரமான பைக்கின் 21, 18 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் 17 அங்குல அகலச் சக்கரமும் தார்ச்சாலை டயரும் மாட்டுவது அது. 1979-ல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் திடலில் தொலைக்காட்சிக்காக நடத்திய பந்தயத்திலிருந்து பரவியது. பாதி தார், பாதி மண் என்று அமைந்த ஓடுபாதைக்கு அந்தச் சக்கரம் பொருந்தியது. அங்கும் வேலையைப் பார்த்துத்தான் சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் சாலையில் அதைச் செய்தால் என்ன ஆகும்? முன் டயர் 80/100-21 இருந்த இடத்தில் 120/70-17 போட்டால் உயரம் சுமார் 693 மில்லிமீட்டரிலிருந்து 600 ஆகக் குறையும். முன் சக்கரத்திலிருந்து கேபிள் போகும் ஸ்பீடாமீட்டர், 52-ல் போகும்போது 60 காட்டும். வண்டி தரைக்கு நெருங்கும். ரிம் மாற்றாமல் டயரை மட்டும் அகலமாகப் போட்டால் டயர் பிதுங்கிச் செயினிலும் மட்கார்டிலும் உரசும். தவிர, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் இழப்பீட்டில் சிக்கல் வரலாம். பிள்ளைகளிடம் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தேதி இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-வது வாரம். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம் டயரிலும் பார்க்கலாம். அலமாரியில் பல வருடம் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். கம்பிச் சக்கரத்தில் ரிம் டேப் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பழையது கிழிந்துவிட்டால் அது இல்லாமலேயே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. நிப்பிள் தலை டியூபைக் குத்தி, ஆணி இல்லாமலே பஞ்சர் வரும். புது டயருக்குப் புது டியூப். வால்வு நேராக நிற்க வேண்டும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். பின் சக்கரத்தை ஏற்றியபின் இரு பக்கச் செயின் அட்ஜஸ்டர்களின் கோடுகளும் ஒன்றாக இருக்கின்றனவா, பிரேக் சரி செய்தாகிவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வரை வழுக்கும். அதுவரை பையனை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

காற்று கடைசியாக வருகிறது, ஆனால் மேலே சொன்ன எடை எல்லாம் அதை நம்பித்தான். காற்று குறைந்த டயர் சுமையில் பக்கவாட்டில் நசுங்கி நசுங்கிச் சூடேறும், அடுக்கு பிரியும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். எத்தனை பவுண்டு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள், ஒருவர் மட்டும் போனால் ஒன்று, பாரத்தோடு போனால் ஒன்று. நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால் பஞ்சர் கடையில் அடிப்பது முதல் அளவுதான்.