32 ஆண்டு காத்தும் பிறக்காத கல்!

இத்தாலி நாட்டின் வடக்கே வானளாவ நிற்கிறது ஒரு மலைத்தொடர். டோலமைட் மலைகள் என்று பெயர். அங்கே டோலமைட் என்னும் கல் மலை மலையாய்க் குவிந்து கிடக்கிறது. ஆனால், சாதாரண வெப்பத்தில் அந்தக் கல்லைக் குன்றிமணி அளவு கூட விஞ்ஞானிகளால் செய்ய முடியவில்லை!

இது என்ன விந்தை?

பூச்சரம் போன்ற கல்

1791-ம் ஆண்டில் டோலோமியூ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கல்லைப் பற்றி எழுதினார். பார்வைக்கு இது சுண்ணாம்புக் கல்தான். திராவகம் பட்டால் சுண்ணாம்புக் கல் உடனே பொங்கும். இதுவோ லேசில் பொங்காது. இதில் கால்சியத்தோடு மக்னீசியமும் இருக்கிறது.

மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றிக் கட்டிய சரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, இந்தக் கல்லுக்குள் கால்சியம் ஓர் அடுக்கு, மக்னீசியம் ஓர் அடுக்கு. இடையே கார்பனேட் அடுக்கு.

பொறுமைசாலி

அமெரிக்க நிலநூல் அறிஞர் லிண்டன் லேண்ட் ஒரு சோதனை செய்தார். வேண்டிய பொருள்களை நீரில் மிகுதியாகக் கரைத்து, 25 டிகிரி வெப்பத்தில் வைத்துக் காத்திருந்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல; 32 ஆண்டுகள்! டோலமைட் பிறக்கவே இல்லை. 1998-ல் அந்தத் தோல்வியை மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார்.

ரகசியம் வெளிப்பட்டது

2023-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும், ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் விடை கண்டனர். கால்சியமும் மக்னீசியமும் அவசரத்தில் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. வரிசை குலைகிறது. கல்லின் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

இயற்கை என்ன செய்கிறது? மழையோ, கடல் அலையோ வந்து நனைக்கிறது. இடம் மாறி ஒட்டியவை முதலில் கரைந்து போகின்றன. அடுத்த முறை சரியான இடத்தில் ஒட்டுகின்றன. இப்படியே கரைந்து கரைந்து கல் வளர்கிறது!

விஞ்ஞானிகளும் அவ்வாறே செய்தார்கள். சின்னஞ்சிறு டோலமைட் துணுக்கின் மீது எலெக்ட்ரான் கதிரை இரண்டு மணி நேரத்தில் 4,000 தடவை விட்டு விட்டுப் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு தடவையும் பிசகியவை கரைந்தன. சுமார் 300 அடுக்குகள் வளர்ந்தன! அதற்கு முன் ஐந்து அடுக்கைத் தாண்டியதில்லை. வளர்ந்த அளவு, ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் பெரிய வெற்றி!

கம்ப்யூட்டர், பாட்டரி ஆகியவற்றுக்கான பொருள்களைக் குறையின்றிச் செய்ய இந்த வழி உதவக்கூடும்.

பூ மாறிவிட்டால் அவிழ்த்துக் கட்டுவதில் கெடுதல் இல்லை. மலையே அப்படித்தான் வளர்ந்தது!