53 எடுத்தவர் ஃபெயில், 40 எடுத்தவர் பாஸ்: இன்டர்னல் கணக்கு

பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கெடு நெருங்கினால் வந்தவாசி, ஆரணி, செய்யாறு வாசகர்களின் கடிதங்களில் தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்: "மொத்தம் 53. ஆனாலும் ஃபெயில். 40 எடுத்தவன் பாஸ். எப்படி?"

திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலை அறிவியல் படிப்பவருக்கு ஒரு தாளில் இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. எழுத்துத் தேர்வில் மட்டுமே 30 எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 40 வர வேண்டும். இன்டர்னல் 24, தேர்வில் 29 என்றால் 53 இருந்தும் அரியர்தான். 10, 30 என்றால் தேர்ச்சி.

இதுவரை நியாயமே. கல்லூரி அள்ளிக் கொடுக்கும் இன்டர்னலை மட்டும் நம்பி யாரும் கரையேறக் கூடாது. என்னை உறுத்துவது அடுத்தது. இன்டர்னலுக்குக் குறைந்தபட்சம் கிடையாது என்பதைச் சலுகைபோலச் சொல்கிறார்கள். ஆனால் 5 வாங்கியவருக்கு அந்த 5 அப்படியே பதிவாகி, அரியர் எழுதும்போதும் பொதுவாகக் கூடவே வருகிறது. 10-க்குக் குறையாமல் வாங்கியவருக்கு 30 போதும். இவர் ஒவ்வொரு முறையும் 35 எடுத்தாக வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்து, முதல் பருவத்தில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டிய நாட்களின் மதிப்பெண் கடைசிவரை துரத்துகிறது.

உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் இந்த 25-க்குள் தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகை, வகுப்பில் பங்கேற்பு எல்லாவற்றையும் அடைத்து, 'தொடர் மதிப்பீடு' என்கிறது. பல இடங்களில் நடப்பதோ அவசரத்தில் வைத்த தேர்வுகளும் பார்த்தெழுதிய அசைன்மென்டும்தான். பாய்த் தறிக்கோ பட்டுத் தறிக்கோ வீட்டில் ஆள் தேவைப்பட்ட நாளில் செமினார் வைத்தால், போனது போனதுதான்.

வேதியியல் ஆய்வகத்தில் இப்படி இல்லை. குடுவையில் இளஞ்சிவப்பு நிலைத்த இடத்தில் பியூரெட் அளவைக் குறித்துக் கணக்குப் போடுகிறார் மாணவர். விடை சரியான அளவிலிருந்து எவ்வளவு விலகியதோ அந்த அளவுக்கு மதிப்பெண் குறையும். ஏன் குறைந்தது என்று அவருக்கே தெரியும். இன்டர்னலில் 5 வந்தது ஏன் என்று யார் சொல்கிறார்கள்?

ஆகவே, இன்டர்னலைப் பதிவேற்றும் முன் துறையில் மதிப்பெண் பட்டியலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பிறகு மறுமதிப்பீடு இன்டர்னலுக்குப் பொருந்தாது.

மற்ற கேள்விகள்:

மறுகூட்டலா, மறுமதிப்பீடா? முன்னது கூட்டலை மட்டும் சரிபார்க்கும். பின்னது விடைத்தாளையே மறுபடி திருத்தும்.

மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை யாருக்கு? அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் (2022), மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024).

எந்த ஆண்டு விதி? நீங்கள் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறை.