விளையாட்டு என்று பெயர் வைத்திருந்தோம்

பெங்களூர் விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைக் கூட்டம் அன்றும் இப்படித்தான். மெழுகுவர்த்திக் கடைகளைத் தாண்டித்தான் பள்ளிக்கு நடப்போம். 1985, ஏழாம் வகுப்பு. எங்களோடு படித்த ஒரு பையனுக்குத் திக்குவாய். மதிய மணி அடித்ததும் நாலைந்து பேர் அவனைத் தண்ணீர்க் குழாய்த் திண்டின் மேல் ஏற்றுவார்கள். சினிமாப் பாட்டுப் பாட வேண்டும். வார்த்தை சிக்கினால் மறுபடி முதலிலிருந்து. பாடி முடித்தால்தான் டிபன் பாக்ஸ் கைக்கு வரும். தமிழ்ப் பிள்ளைகளை "கொங்கா" என்று சீண்டுவது அன்றைய பெங்களூரில் சாதாரணம்; அவனுக்கு அதுவும் சேர்ந்து கிடைத்தது. ஆனால் திண்டில் ஏற்றியவர்களில் தமிழ்ப் பையன்களும் உண்டு. கீழே நின்று சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

ஒருநாள் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னான். "ஹோகலி பிடு" என்றார், போகட்டும் விடு என்று. இரண்டாம் தடவை பிரம்பு வந்தது: செய்தவனுக்கு இரண்டு, கோள் சொன்னவனுக்கும் இரண்டு. அதன்பின் அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புக்கு வரவும் இல்லை.

கர்நாடகக் கல்விச் சட்டத்தை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். ஒரு மாணவரை, வேடிக்கையாகவோ வேறு விதமாகவோ, மானம் கெடும்படி, கேலிக்கு ஆளாகும்படி எதையாவது செய்யக் கட்டாயப்படுத்துவது ராகிங் என்கிறது அது. 'வேடிக்கையாகவோ' என்று படித்த இடத்தில் நின்றுவிட்டேன். நாங்கள் வைத்திருந்த ஒரே சாக்கு அதுதானே! ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் ஆண்டு 1983. நடைமுறைக்கு வந்தது 1995-ல். அவன் திண்டின் மேல் நின்றபோது அந்த வரிகள் எழுதி முடித்துக் காத்துக்கிடந்தன.

சட்டம் வந்த பிறகும் ராகிங் என்றால் கல்லூரி விஷயம் என்றே இருந்தோம். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், தமிழ்நாடு 1997-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்குள் பெரிய மாற்றம் 2010 ஏப்ரலில். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுத்தது. ஆசிரியர் கையிலிருந்த பிரம்புக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. 2015 மார்ச்சில் சிபிஎஸ்இ தன் பள்ளிகளைக் கொடுமை தடுப்புக் குழு அமைக்கச் சொன்னது. துணை முதல்வர், மூத்த ஆசிரியர், மனநல ஆலோசகர், பெற்றோர் தரப்பில் ஒருவர் என்று அதில் ஆட்கள் இருக்க வேண்டும்.

என் தங்கை மகள் இப்போது ஏழாம் வகுப்பு. அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் படத்தை வெட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான் ஒரு பையன். ராத்திரி பதினோரு மணிக்கும் குரூப்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. திண்டில் நின்ற பையனுக்கு நாலு மணி அடித்தால் விடுதலை உண்டு. இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆனால் இந்த வகுப்புப் பிள்ளைகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பள்ளி ஆலோசகரிடம் காட்டினார்கள். பள்ளியில் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசினார்கள். பையனை யாரும் அடிக்கவில்லை. வாரம் ஒருமுறை ஆலோசகரோடு உட்கார வைத்தார்கள். விஷயம் குற்றம் என்ற அளவுக்குப் போயிருந்தாலும், 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். இது போதாது என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திண்டில் ஏற்றியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுதான்.

இந்தக் கதையையெல்லாம் கேட்ட தங்கை மகள், "நீங்க யார்கிட்டயும் சொல்லலையா மாமா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எங்க ஸ்கூல் புகார்ப் பெட்டி பிரின்சிபால் ரூம் வாசல்ல இருக்கு. யார் போடறாங்கன்னு வராண்டா முழுக்கத் தெரியும். அதான் யாரும் போடறதில்ல" என்றாள். ஸ்டிக்கர் விஷயம் வெளியே வந்ததே ஆலோசகர் அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருந்ததால்தானாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பெட்டியை நூலகத்துக்குள் மாற்றச் சொல்லித் தங்கை கேட்கப்போகிறாள். மனுவை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதி வைக்கும்படியும் அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.