பட்டியல் குடிபோகும் இரவு

கீழே ஷட்டர் இறங்கிவிட்டது. மேலே, மூன்றாவது மாடிக்கு, ஃபிளாஸ்க் நிறைய ஃபில்டர் காபி வந்துவிட்டது. சென்னையில் ஒரு பட்டுப்புடவைக் கடை. மணி இரவு பத்து. இன்றிரவு இந்தக் கடையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் வீடு மாறப் போகிறார்கள். மாம்பலத்து மாமியும் மாறுகிறார், டொராண்டோவில் இருந்துகொண்டு ஆன்லைனில் வாங்கும் அவருடைய மருமகளும் மாறுகிறார். இருவருக்கும் விஷயமே தெரியாது! நாளை காலை எழுந்து மெயிலைப் பார்த்தாலும் எதுவும் மாறியதாகத் தோன்றக் கூடாது. பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். ஆனாலும் இந்த ராத்திரி வந்தால், கல்யாணத்துக்கு முந்தின நாள்போல எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

வாருங்கள், பந்தியில் உட்காருவதற்கு முன்னால் சமையற்கட்டைச் சுற்றிக் காட்டுகிறேன்.

‘ஆடித் தள்ளுபடி ஆரம்பம்’ என்று உங்கள் பெயரைச் சொல்லி ஒரு மெயில் வருகிறதே, அதைக் கடை முதலாளி உட்கார்ந்து அனுப்புவதில்லை. பெயர், ஈமெயில், போன் எண், பிறந்தநாள், கடைசியாக வாங்கிய புடவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு மார்க்கெட்டிங் பிளாட்ஃபார்ம் அனுப்புகிறது. அட்லாண்டாவில் 2001-ல் பிறந்த மெயில்சிம்ப் ஒன்று. அதை வாங்க இன்ட்யூட் நிறுவனம் 2021-ல் சுமார் 1,200 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது! மார்க்கெட்டோ இன்னொன்று. அதை அடோபி 2018-ல் 475 கோடி டாலருக்கு வாங்கியது. பாஸ்டன் பக்கத்தில் ஹப்ஸ்பாட், நம் சென்னைப் பக்கத்தில் ஸோஹோ. இப்படி ஊருக்கு ஊர் வீடுகள் இருக்கின்றன. பட்டியலில் பெயர் கூடக் கூட வாடகையும் கூடும். ஒரு நாள் முதலாளி, ‘வேற இடம் பாக்கலாமே’ என்பார். அங்கே தொடங்குகிறது எங்கள் வேலை. நாங்கள் அதை மைக்ரேஷன் என்கிறோம்.

முதல் வேலை, பழைய வீட்டைக் காலி செய்வது: எக்ஸ்போர்ட். மெயில்சிம்பில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஒரு ஜிப் கோப்பு இறங்கும். அதைத் திறந்தால் தனித்தனி சிஎஸ்வி கோப்புகள். மெயில் வேண்டும் என்றவர்கள் ஒன்றில், வேண்டாம் என்று விலகியவர்கள் ஒன்றில், இன்னும் ஒன்றின் பெயர் ‘க்ளீன்ட்’. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டான். “அண்ணா, சுத்தம் பண்ணின லிஸ்ட்டே தனியா குடுத்திருக்காங்க. இதை ஏத்திட்டா போதும்தானே?”

“அய்யய்யோ, தம்பி! கையை எடு!”

‘க்ளீன்ட்’ என்றால் கழுவித் துடைத்த நல்ல முகவரிகள் என்று அர்த்தமில்லை. மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்த, செத்துப்போன முகவரிகளைப் பட்டியலிலிருந்து வழித்தெடுத்து ஒதுக்கி வைத்தது அது. அதைப் புது வீட்டில் ஏற்றி முதல் நாளே மெயில் அனுப்பினால், குடிபோன அன்றே தெருவில் பெயர் கெட்டுவிடும். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்: ஒரே ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆயிரக்கணக்கான மெயில்கள் தப்பாகப் போகும், சரியாகப் புரிந்துகொண்டால் நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து எக்ஸெல். சிஎஸ்வி கோப்பை ஆசையாக இரண்டு தட்டு தட்டித் திறந்தீர்களா? போச்சு! 91-ல் தொடங்கும் 12 இலக்கப் போன் எண்ணை எக்ஸெல் ஒரு பெரிய கணக்கு எண் என்று நினைத்துக்கொள்ளும். 9.19 என்பதுபோலத் தொடங்கி, நடுவே ஒரு ‘ஈ’ எழுத்து, ஒரு கூட்டல் குறி, பிறகு 11 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சேவ் செய்தால் அந்தச் சுருக்கம்தான் கோப்பில் மிஞ்சும். கடைசி இலக்கங்கள் காற்றோடு போய்விடும். எக்ஸெலின் இந்த ஆர்வம் விஞ்ஞானிகளையே அசைத்திருக்கிறது தெரியுமா? ‘மார்ச்1’ என்ற மனித மரபணுவின் பெயரை அது மார்ச் முதல் தேதி என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருந்ததால், இப்படிப்பட்ட மரபணுக்களுக்கு உலக மரபணுப் பெயர்க் குழு வேறு பெயரே வைத்துவிட்டது. 2020-ல் அதற்கான விதிமுறையையும் வெளியிட்டார்கள். அப்போது மரபணுதான் பெயரை மாற்றிக்கொண்டது, எக்ஸெல் மாறவில்லை!

தமிழ்ப் பெயர்கள் படும் பாடு தனி. ‘முருகன்’ என்பது நமக்கு நாலெழுத்து. கணினியின் யூனிகோட் கணக்கில் அதற்கு 7 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 21 பைட். அந்த 21 பைட்டையும் பழைய ஆங்கில விண்டோஸ் குறிமுறையில் படித்தால், தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’ எழுத்து ஏழு தடவை வந்து நிற்கும், இடையிடையே பதிவுக் குறிகளும் மேல்கோடுகளுமாக. முருகனைக் காணோம்! தம்பி பதறிப்போனான். நான் பதறவில்லை, எனக்கு இது பழக்கமான காட்சி. எழுத்து எங்கேயும் போய்விடவில்லை, படிக்கும் கண்ணாடிதான் மாறியிருக்கிறது. கோப்பை மூடு, சேவ் செய்யாதே. எக்ஸெலின் டேட்டா மெனு வழியாக வந்து, 65001 என்று எண் போட்ட யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடு. ஒரு நொடிதான். திரை முழுக்க முருகன், மீனாட்சி, செல்வநாயகம் என்று தமிழ் திரும்பி வந்தது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்குச் சிலிர்க்கும்.

இனி மேப்பிங். பழைய வீட்டின் எந்தச் சாமான் புது வீட்டின் எந்த அலமாரிக்குப் போகிறது என்று கட்டத்துக்குக் கட்டம் கோடு போடும் வேலை. இந்தப் பிளாட்ஃபார்ம்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றுக்கு மனிதன் என்றால் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பிளாட்ஃபார்மில் கடைசிப் பெயர் இல்லாமல் ஓர் ஆளைச் சேர்க்கவே முடியாது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கிறது. ‘எஸ். முருகன்’ என்பதை இயந்திரம் இடைவெளியில் வெட்டினால் முதல் பெயர் ‘எஸ்.’ ஆகிவிடும். பிறகு தீபாவளி மெயில் என்ன சொல்லும்? ‘அன்புள்ள எஸ்., உங்களுக்காகவே ஒரு பட்டு!’ ஒரு மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் இந்த மெயிலின் உயிரே. அதனால் ஓரெழுத்து, ஈரெழுத்துப் ‘பெயர்களை’ எல்லாம் வடிகட்டி எடுத்து, கண்ணால் பார்த்துத் திருத்துகிறோம். மெஷினுக்கு விடமாட்டோம். இதற்கே இரண்டு மணி நேரம் போய்விட்டது, அந்த இரண்டு மணி நேரமும் தகும்.

தேதிகளைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்க வீட்டுக்கு மார்ச் நான்கு. அதையாவது பார்த்தவுடன் சந்தேகப்படலாம். நேர மண்டலம் செய்வது திருட்டு வேலை! இந்திய நள்ளிரவில் பதிவான பிறந்தநாளை உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால், முந்தின நாள் மாலை 6.30 ஆகிவிடும். தேதியை மட்டும் நறுக்கி எடுத்தால், ஊரில் எல்லாருக்கும் ஒரு நாள் முன்னதாகவே வாழ்த்து போகும். பிறந்தநாள் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் விசேஷம்: சில அமைப்புகள் காலியைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 1 என்று எழுதிவிடும். கணினி உலகின் கடிகாரம் அங்கேதான் தொடங்குகிறது. பிறந்த தேதி தராத அத்தனை பேருக்கும் புத்தாண்டு அன்று பிறந்தநாள் வாழ்த்து!

எஸ்எம்எஸ்ஸுக்குத் தனிப் பாதை. இந்தியாவில் கடையின் பெயரையும், அனுப்பப்போகும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஒத்துப்போகாத செய்தி வாசலிலேயே நின்றுவிடும். 2021 மார்ச் 8 அன்று அந்தச் சரிபார்ப்பை முடுக்கிவிட்டபோது நாடு முழுக்க ஓடிபி வராமல் ஜனங்கள் தவித்தார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அதனால் பதிவு எண்களை எல்லாம் வரிக்கு வரி ஒப்பிட்டு முடித்தோம்.

மணி ஒன்றரை. காபி தீர்ந்துவிட்டது. இப்போதுதான் நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, குழுவை ஒன்றாக உட்கார வைக்கிறேன். ஏனென்றால் ஏற்றப்போகும் முதல் கோப்பு, வாங்குபவர்களின் கோப்பு அல்ல. ‘வேண்டாம்’ என்றவர்களின் கோப்பு.

எங்கள் பாஷையில் சப்ரஷன் லிஸ்ட். புதிதாக வருபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். விற்காத பட்டியலை எதற்குச் சுமப்பது என்று தோன்றும். ஆனால் ஏற்ற வேண்டியவற்றில் இதைவிடப் பெரிய பொக்கிஷம் எனக்குத் தெரியாது. விலகும்போது காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம் உண்டு. ஒருவர் அதில், வீட்டில் துக்கம், இனி புடவைப் படம் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். கடை பிளாட்ஃபார்ம் மாறியது அவருடைய பிரச்சினையா? அந்தக் கோப்பைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், அவருக்கு மறுபடியும் முகூர்த்தப் பட்டு மெயில் போய் நிற்கும். சட்டமும் அவர் பக்கம்தான். விலக வேண்டும் என்று கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் விடுவிக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 2003-ம் ஆண்டுச் சட்டம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது நம்முடைய 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். எனக்குச் சட்டம்கூட வேண்டாம். ஒருவர் ஒரு தடவை ‘போதும்’ என்றால், அதை நினைவில் வைத்திருப்பதுதான் கடைக்கு மரியாதை.

அந்தக் கோப்பு ஏறி முடிந்து, எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒன்று என்று உறுதி செய்த பிறகே வாங்குபவர்களின் கோப்பைத் தொட்டோம். தொடுவதற்கு முன் இன்னொரு காரியம்: எல்லா ஆட்டோமேஷனையும் அணைத்தாக வேண்டும். இல்லையென்றால், உள்ளே வரும் ஒவ்வொருவரையும் புது ஆள் என்று நினைத்து, இருபது வருடமாகப் பட்டு வாங்கும் மாம்பலத்து மாமிக்கு ‘எங்கள் கடைக்கு முதன்முதலாக வருகை தரும் உங்களை வரவேற்கிறோம்’ என்று மெயில் போய்விடும்! 2021 ஜூனில் எச்பிஓ மேக்ஸ் வாடிக்கையாளர்களுக்கு, வெறும் சோதனைக்காக எழுதிய மெயில் ஒன்று நிஜமாகவே போய்விட்டது. பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் கை தவறிவிட்டது என்று நிறுவனம் சொன்னதும், உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் முதல் வேலையில் செய்த தவறுகளை எழுதி அந்த இளைஞருக்குத் தைரியம் சொன்னார்கள். எங்கள் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை அது. தம்பிக்கு அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, இம்போர்ட் பட்டனை அவனையே அழுத்தச் சொன்னேன்.

பச்சைக் கோடு மெல்ல நகர்கிறது. பத்து சதவீதம். முப்பது. யாரும் பேசவில்லை. நூறு! தம்பி கத்தியது கீழே காவலருக்கே கேட்டிருக்கும்.

அப்படியே எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மெயில் அனுப்பிவிடலாமா? கூடாது. புதுத் தெருவுக்கு வந்தவரை அக்கம்பக்கம் கொஞ்ச நாள் கவனிக்கத்தானே செய்யும்? ஜிமெயிலும் அப்படித்தான். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளச் சான்றுகளையும் காட்ட வேண்டும். ஒரே தட்டில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதனால் முதல் நாள், சமீபத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும். மறுநாள் இன்னும் கொஞ்சம் பேர். இப்படி வாரக்கணக்கில் சூடேற்றுவோம். ‘மெயிலைத் திறந்தவர்’ என்ற கணக்கை மட்டும் நம்பி ஆள் பொறுக்க முடியாது. ஆப்பிள் 2021-ல் கொண்டுவந்த மெயில் அந்தரங்கப் பாதுகாப்புக்குப் பிறகு, திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. வாங்கியவர், லிங்கைத் தட்டியவர் என்று பார்ப்பதே எங்களுக்கு உறுதி.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு முதல் மெயில் கிளம்பியது. என் போனில் டிங் என்றது. முழுப் பெயர், சரியான தமிழ், சரியான படம். நாங்கள் ஆறு பேரும் மாடிப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தோம். கீழே டீக்கடை திறந்திருந்தது.

நீங்களும் உங்கள் கடைப் பட்டியலை மாற்றும் யோசனையில் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாடகை மிச்சம் என்று பழைய கணக்கை அன்றைக்கே மூடிவிடாதீர்கள். நீங்கள் போன வாரம் அனுப்பிய மெயில்கள் இன்னும் ஜனங்களின் பெட்டியில் கிடக்கின்றன. அவற்றின் அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க் பழைய வீட்டுக்குத்தான் போகும். குறைந்தது 30 நாள் அந்தக் கதவு திறந்திருக்கட்டும். அங்கே வந்து ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களின் பெயரைத் தினமும் எடுத்துப் புது வீட்டில் எழுதி வையுங்கள்.