தீவின் வாசல்: பாம்பன் தொடர்வண்டி நிலையம்

நுழையும்முன்

பாம்பன் என்றதும் கடலின் நடுவே நீண்டு செல்லும் பாலமே நம் நினைவுக்கு வரும். பாலத்தைக் கண்டு வியப்போர் பலர். பாலம் கரையேறும் இடத்தில் உள்ள சிறிய நிலையத்தைக் கவனிப்போர் சிலர். தொடர்வண்டியின் சிறப்பு ஓடுவதில் இருக்கிறது. நிலையத்தின் சிறப்போ வண்டியை நிறுத்தி மக்களை ஏற்றிக்கொள்வதில் இருக்கிறது. ஒரு நிலையத்தில் வண்டி நிற்பதும் நில்லாமற்போவதும் மக்கள் வாழ்வை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைப் பாம்பன் நிலையத்தின் வரலாற்றின்வழி அறிவோம்.

கடல் மறித்த பாதை

இராமநாதபுரம் மாவட்டத்தின் பெருநிலப்பகுதி மண்டபத்தோடு முடிவடைகிறது. அதற்கு அப்பால் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கும் பாம்பன் கால்வாய் குறுக்கிடுகிறது. கால்வாயின் மறுகரையில் உள்ளது இராமேசுவரம் தீவு. அத்தீவின் மேற்கு வாசலே பாம்பன்.

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான இருப்புப்பாதை 1902இல் அமைந்தது. எனினும், மண்டபத்தில் இறங்கியவர்கள் படகேறியே தீவை அடைய வேண்டியிருந்தது. காற்றும் அலையும் இடங்கொடுத்தால்தான் பயணம் நிறைவேறும். இக்குறையை நீக்கத் தென்னிந்திய இரயில்வே நிறுவனம் 1911இல் கடற்பாலப் பணியைத் தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளமுடைய அப்பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.

கால்வாய் வழியே கப்பல்களும் செல்ல வேண்டும் அல்லவா? அதற்காகப் பாலத்தின் ஒரு பகுதி இரண்டு கதவுகளைப் போல மேல்நோக்கித் திறக்கும்படி அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் பெயரால் அது செர்சர் தூக்குப்பாலம் எனப்பட்டது. கப்பல் வந்தபோது இருபுறமும் பணியாளர்கள் நின்று நெம்புகோல்களைத் தம் கைகளால் சுழற்றி அதனைத் திறந்தனர். பாலத்தில் வண்டி ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே திறக்க இயன்றது. எனவே, கப்பலின் வழியும் வண்டியின் வழியும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தே இயங்கின.

இருவழி பிரிந்த சந்திப்பு

பாலம் திறக்கப்பட்டபின் பாம்பன் நிலையம் ஒரு சந்திப்பாக விளங்கியது. இங்கிருந்து ஒரு தடம் இராமேசுவரத்துக்கும் மற்றொரு தடம் தனுஷ்கோடிக்கும் பிரிந்து சென்றன. சென்னை எழும்பூரில் புறப்பட்ட 'போட் மெயில்' என்னும் வண்டி தனுஷ்கோடித் துறை வரை சென்றது. பயணிகள் அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் தொடர்வண்டியில் கொழும்பு சென்றனர். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டில் செல்லும் வசதியும் இருந்தது. வணிகர்கள், தோட்டத் தொழிலாளர்கள், இராமேசுவரம் செல்லும் அடியார்கள், மீனவர்கள் எனப் பலதிறத்தாரும் பாம்பனைக் கடந்து சென்றனர்.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. அதனால் செய்தித்தாள் கட்டுகள் இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைச் சேகரிப்பதில் தம் உறவினர் சம்சுதீனுக்கு ஒரு சிறுவன் உதவினான். அதற்குக் கிடைத்த பணமே அவனது முதல் வருவாய். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமே அச்சிறுவன். தம் தன்வரலாறான 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

புயல் அழித்த தடம்

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் வண்டி ஒன்று புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் புயலால் எழுந்த பேரலை அதனை மூழ்கடித்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தனுஷ்கோடியின் நிலையமும் துறையும் குடியிருப்புகளும் அழிந்தன. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என அவ்வூர் அறிவிக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற தடம் மீண்டும் அமைக்கப்படவில்லை. பாம்பன் தன் சந்திப்புத் தகுதியை இழந்தது.

பாம்பன் பாலமும் பெரும் சேதமுற்றது. 126 உத்திரங்கள் கடலில் வீழ்ந்தன. தூக்குப்பகுதி நிலைத்து நின்றது. சீரமைப்புப் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலடியில் உத்திரங்கள் கிடந்த இடங்களை மீனவர்கள் அறிந்து கூறினர். அவற்றை மீட்டுப் பயன்படுத்தியதால் 46 நாள்களில் பாலம் மீண்டும் இயங்கியது. பொறியியல் அறிவும் கடலோடிகளின் பட்டறிவும் இணைந்ததால் கிடைத்த வெற்றி இது.

ஒற்றைத் தடமும் சிறு நிலையங்களும்

மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, சத்திரக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் முதலியன இவ்வழியில் உள்ள நிலையங்கள். இது ஒற்றைத் தடம். ஒரே தடத்தில் எதிரெதிராக வரும் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க இயலும். ஒரு வண்டி பக்கத் தடத்தில் காத்திருக்க, மற்றொன்று கடந்து செல்லும். அடுத்த நிலையம் வரை தடத்தில் வேறு வண்டி இல்லை என்பதை உறுதிசெய்தே நிலைய அலுவலர் வண்டியை அனுப்புவார். இவ்வாறு ஊர்மக்களுக்குப் பயன்படும் நிலையங்களே பாதையின் பாதுகாப்புக்கும் துணைநிற்கின்றன.

கடற்பாலத்தில் காற்றையும் கணக்கிட வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இங்குப் பொருத்தப்பட்டுள்ளது. வரையறுத்த அளவை வேகம் மீறினால் சிவப்பு விளக்கு ஒளிரும். வண்டி கரையிலேயே காத்திருக்கும். அக்காத்திருப்பைத் தாமதம் எனக் கருதாது, 1964ஆம் ஆண்டின் பேரிழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நில்லாத காலமும் மீண்ட காலமும்

1988இல் சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் தீவுக்குப் பேருந்துகள் வரலாயின. எனினும், குறைந்த கட்டணத்தில் நெடுந்தொலைவு செல்ல மக்கள் பயணிகள் வண்டியையே நாடினர். 2007இல் குறுகிய மீட்டர் பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டதால், நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வரும் வண்டிகள் நேரே இராமேசுவரத்தை அடைந்தன.

உப்புக்காற்று இரும்பை விரைந்து அரிக்கும். நூறாண்டு கடந்த தூக்குப்பகுதியில் பழுது காணப்பட்டதால் 2022 டிசம்பர் 23 முதல் பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. வண்டிகள் இராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ பயணத்தை முடித்துக்கொண்டன. பாம்பன் நிலையத்துக்கு இரண்டாண்டுகளுக்கும் மேலாக வண்டி வரவில்லை. தீவிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் செல்வோர் பேருந்தில் கால்வாயைக் கடந்து, அக்கரை சென்றே வண்டியேற வேண்டியதாயிற்று. சுமையோடு செல்வோருக்கும் முதியோருக்கும் இந்த மாறுதல் எத்துணைத் துன்பம் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய பாலத்தை அடுத்துக் கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. 72.5 மீட்டர் நீளமுடைய அதன் நடுப்பகுதி மின்விசையால் 17 மீட்டர் உயரம் செங்குத்தாக மேலெழும். அரிப்பைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. வருங்காலத்தில் இரட்டைத் தடம் அமைப்பதற்கேற்ப அடித்தளம் இடப்பட்டுள்ளது. தாம்பரம்–இராமேசுவரம் விரைவு வண்டியும் அன்றே தொடங்கி வைக்கப்பட்டது.

நிலையத்தின் பயன்

ஒரு பாலத்தின் பெருமையை அதன் நீளத்தாலும் உயரத்தாலும் அளப்பது எளிது. அதன் பயனை அளக்க வேண்டுமாயின், இருகரையிலும் உள்ள நிலையங்களில் யார் ஏறுகின்றனர், யார் இறங்குகின்றனர் எனக் காண வேண்டும். தொலைதூர விரைவு வண்டிகள் பலவும் சிறு நிலையங்களில் நிற்பதில்லை. அங்கு நின்று செல்லும் பயணிகள் வண்டியை நம்பியே மீன் விற்போரும் நெசவாளரும் கூலித் தொழிலாளரும் கல்லூரி மாணவரும் தம் நாளைத் திட்டமிடுகின்றனர். அவ்வண்டி ஒருநாள் வாராதிருப்பின் ஒரு நாள் ஊதியம் போகும். ஒரு தேர்வு தவறும்.

எனவே, புதிய தடங்களும் வேகமான வண்டிகளும் வரும்போது சிறு நிலையங்களின் தேவையையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். நாட்டின் வளர்ச்சி விரைந்து செல்வதில் மட்டும் இல்லை. காத்திருக்கும் எளியவரையும் ஏற்றிச் செல்வதிலேயே அது நிறைவடைகிறது. மாணவர்களே, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்துக்குச் செல்லும்போது அங்கு எந்தெந்த வண்டிகள் நிற்கின்றன, அவற்றால் பயன்பெறுவோர் யாவர் எனக் கேட்டறிந்து எழுதுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத ஒரு பக்கம் அதில் கிடைக்கக்கூடும்.