குடத்தில் வளரும் கொசு

சுகாதார இலாகாவின் ஊழியர் வாசலில் வந்து, "தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும்" என்றால் நம்மில் பலருக்குச் சற்றுக் கோபம் வருகிறது. "எங்கள் வீட்டில் என்ன சாக்கடையா ஓடுகிறது?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறோம். டெங்கு ஜுர விஷயத்தில் சாக்கடையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இந்த ஜுரத்தைப் பரப்பும் ஏடிஸ் என்னும் கொசு, கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடுகள் கொண்டது, பகலில் கடிப்பது, பெரும்பாலும் தெளிந்த நீரையே நாடுவது. நாம் பத்திரமாய்ப் பிடித்து வைக்கும் நீரே அதற்குப் பிறந்தகம்.

அது முட்டையிடும் விதம் விசித்திரமானது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்புறத்தில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. நீரைக் கவிழ்த்துவிட்டாலும் அவை போவதில்லை. உலர்ந்த நிலையிலேயே பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கின்றன. ஆகையினால்தான் அண்டாவையும் தொட்டியையும் வாரம் ஒரு முறை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இடுக்கில்லாமல் மூடச் சொல்கிறார்கள். முட்டை பொரித்துப் புழுவாகி, கொசுவாய்ப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன. வாரக் கணக்கு அதனால் ஏற்பட்டது.

நமது பள்ளித் தோட்டத்தில் கிடந்த கொட்டாங்கச்சி நீரை ஒரு சமயம் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, வகுப்பில் வைத்தோம். நெளிந்த புழுக்கள் சில தினங்களில் கொசுக்களாகித் துணிக்கடியில் ரீங்காரம் செய்தன. அன்று மாலை மாணாக்கர்கள் தத்தம் வீடுகளில் நடத்திய சோதனையில் தாய்மார்கள் திணறிப் போனார்களாம்! குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, உபயோகமற்ற ஆட்டுக்கல், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடந்த பழைய டயர் என்று மறுநாள் ஒரு ஜாபிதாவே வந்து சேர்ந்தது.

சென்னை மாகாணத்தில் 1939-ஆம் வருஷத்திலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, கொசு ஒழிப்புக்கும் அதில் விதிகள் செய்தார்கள். ஆனால் சட்டம் நமது கொல்லைப்புறம் வரையில் தினந்தோறும் நடந்து வருமா? தெருவில் புகையடிப்பதைக் கண்டு திருப்தியடைவதும் போதாது. புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி, நீரிலிருக்கும் புழுவைத் தொடாது.

ஜுரம் கண்டுவிட்டால், அது இறங்கும் சமயத்தில்தான் மிகவும் விழிப்பாயிருக்க வேண்டும். பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில், உடம்புச் சூடு தணிகையில், சிலருக்கு நோய் முற்றுகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரைப் பார்த்தால் நமக்குப் பகீரென்கிறது. கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. முன்பு ஒரு வகை கண்டவருக்கு வேறொரு வகை வந்தால் கடுமையாகலாம்.

ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கலாகாது. அவை இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடும். வைத்தியர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை அடிக்கடி பருகச் செய்யலாம். நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுத்திருக்கட்டும். அவரைக் கடித்த கொசுதான் பின்னர் பக்கத்துக் கட்டிலுக்கும் அடுத்த வீட்டுக்கும் நோயைக் கொண்டுபோகிறது.